மூக்கு ஈயும் முனியப்பன் உத்தரவும்

எங்கள் செம்மறிக் கிடா ஓயாமல் தலையை உதற ஆரம்பித்ததும், முனியப்பன் அவசரப்படுகிறார் என்று பெரியப்பா முடிவு கட்டிவிட்டார்.

விஷயம் அக்காவின் கல்யாணம். பர்மா பக்கம் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஏரியூரில் நிலபுலத்தோடு ஒருவர் இருந்தார். மனைவியை இழந்தவர், அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்கு அக்காவைக் கொடுக்கலாம் என்று பெரியப்பா பேச்செடுத்தார். அக்காவுக்குப் பதினைந்து வயது. அன்றிலிருந்து தட்டில் வைத்த களியை அவள் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்க மாட்டாள். அப்பாவுக்கும் மனசில்லை, ஆனால் அண்ணனுக்கு மறுபேச்சு சொல்லிப் பழக்கமில்லை. கடைசியில் சாமியிடமே கேட்டுவிடுவது என்று ஆனது. கிடாவின் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கேட்பார்கள். சிலிர்த்துத் தலையை உதறினால் சாமிக்குச் சம்மதம். மூன்று முறை தெளித்தும் சும்மா நின்றால் சம்மதமில்லை.

"கேக்கறதுக்கு முந்தியே தலையாட்டுது பாருடா தம்பி! இன்னும் என்னடா ரோசன?" என்றார் பெரியப்பா. அவரிடம் கபடம் இல்லை. நிஜமாகவே நம்பினார்.

அம்மா இறந்த பிறகு எங்களை வளர்த்தவள் சின்னம்மா. அவள் மட்டும் நேராக ஆட்டுப்பட்டிக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். உச்சி வெயில். ஆடுகள் ஒன்றின் வயிற்றுக்கடியில் ஒன்று மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றன. சூடேறிய கல்சுவர் இடுக்கில் சாம்பல் நிறத்தில் ஏதோ உட்கார்ந்திருந்தது. தேனீ என்று நான் பின்வாங்கினேன்.

"தேனீ இல்ல கண்ணு, மூக்கு ஈ" என்றவள், முந்தானையால் அதை அடித்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

சின்னம்மாவுக்கு ஈக்களெல்லாம் ஊர்க்காரர்கள் மாதிரி. யார் எந்தத் தெரு என்று தெரியும். மாட்டின் வாலடியில் தட்டையாக ஒட்டிக்கிடந்து, நண்டு போலப் பக்கவாட்டில் ஓடி, நசுக்கினாலும் சாகாதது ஒன்று. ஏரிக்கரையில் மாடு தண்ணீர் குடிக்கும்போது பாய்ந்து கடிக்கும், கண்ணில் பச்சைக் கோடு ஓடும் பெரியது ஒன்று. புண்ணைத் தேடி வரும், பச்சையாய் மினுமினுப்பது இன்னொன்று. இந்தச் சாம்பல்காரிக்கோ கடிக்க வாயே கிடையாது.

"பறந்துகிட்டே மூக்குல புழுவ வுட்டுட்டுப் போயிரும். அது உள்ளார ஊர்ந்தா, பாவம், தலைய உதறாம என்ன பண்ணும்?"

கையெழுத்துப் போடத் தெரியாதவளை வாய் பிளந்து பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெரியப்பாகிட்ட சொல்லட்டா சின்னம்மா?"

"வேணாங்கண்ணு. சாமி காரியத்துல ஈயப் பத்திப் பேசுனா அவருக்குக் கோவம் வரும்."

மறுநாள் கிடாவின் மூக்கில் மூக்குப்பொடி ஊதினாள். அது தும்மித் தும்மி, கறுப்பு வரி போட்ட கொழுத்த புழுக்களை உதிர்த்தது. பிறகு தினமும் மூக்கைச் சுற்றி வேப்பெண்ணெய் தடவினாள். உச்சிவேளையில் இருட்டுக் கொட்டகையில் கட்டினாள். காலையில் பெரியப்பா காட்டுக்குப் போன பிறகு, தலையில் மூன்று முறை மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது அசையாமல் நின்றால் ஒரு கை கொள்ளு கொடுப்பாள். முதலில் உதறித் தள்ளியது, பத்து நாளில் கல் மாதிரி நிற்கப் பழகிவிட்டது.

"தண்ணி எதுக்கு சின்னம்மா?"

"அதுவும் ஈக்குத்தான்."

சாமி கேட்கும் நாளன்று கோயிலில் பெரியப்பா தெளித்தார். கிடா நின்றது. மறுபடி தெளித்தார். நின்றது. மூன்றாவது முறையும் தெளித்தார். அது மெல்லத் திரும்பிச் சின்னம்மாவின் கையைப் பார்த்தது.

"சாமிக்கு இஷ்டமில்ல, வுட்ருங்கடா" என்றார் பெரியப்பா. அன்று அக்கா இரண்டு உருண்டை களி தின்றாள்.

நான் வளர்ந்து, கல்யாணமாகி, சொந்தமாக ஆடு வளர்த்தேன். மூக்கு ஈ வந்தபோதெல்லாம் சின்னம்மாவின் வைத்தியம்தான். மூக்குப்பொடி, வேப்பெண்ணெய், இருட்டுக் கொட்டகை, தலைக்கு மஞ்சள் தண்ணீர். ஒன்றையும் விட்டதில்லை.

ஒரு நாள் என் மகள் கேட்டாள்: "ஈ மூக்குக்குத்தானம்மா வருது? தலைக்கு எதுக்குத் தண்ணி?"

"அதுவும் ஈக்குத்தான்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கொள்ளு ஞாபகம் வந்தது.