மச்சானுக்காக வாங்கிய டார்க் ரெஞ்ச்

என் மனைவியின் அண்ணன் டயர் மாட்டும் விதத்தை எப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரியும். நட்டுகளை ஸ்பானரால் முடுக்குவார். ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி இன்னும் முடுக்குவார். அதுவும் போதாமல் அதன்மேல் ஏறி நின்று உடம்பைக் குலுக்குவார். மலேசியாவில் பாலிங் என்ற ஊரில் சொந்தமாகக் கார்ப் பட்டறை வைத்திருந்தவர். "நான் முடுக்குனா முடுக்குனதுதான் மாப்ள, எவனாலயும் கழட்ட முடியாது" என்பார். அதைப் பெருமையாக வேறு சொல்வார்.

மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, அவர் மாட்டிக் கொடுத்த டயர்தான் நடுவழியில் பஞ்சரானது. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், மழை வேறு. அவள் பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு முனக, நான் ஸ்பானரைப் பிடித்துத் தொங்கினேன். ஒரு நட்டுகூட அசையவில்லை. உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரிக்கார மலாய்ப் பெரியவர் ஒருவர் எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மகள் மருத்துவமனை வாசலிலேயே பிறந்துவிட்டாள்.

பிள்ளைக்கு முப்பதாம் நாள் விருந்து வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் மச்சான், "மாப்ளைக்குக் கையில சத்து இல்லலா. டயர் கழட்டத் தெரியாதவருக்குக் கெரேத்தா எதுக்கு?" என்று என் காரைக் காட்டிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் என்னைக் கையாலாகாதவன் என்றுதான் நினைக்கிறாள் என்று பட்டது. மச்சானின் பேச்சைக்கூடப் பொறுத்திருப்பேன், அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஏன் குனிந்தாய் என்று அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. மகள் வளர்ந்து வேலைக்குப் போகிற வரைக்கும் மனசுக்குள்ளேயே கறுவிக்கொண்டிருந்தேன்.

போன வருடம், இப்போது நாங்கள் இருக்கும் மெர்கோங்கில், ஒரு கடைக்கு டார்க் ரெஞ்ச் வாங்கப் போனேன். நட்டை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று அதில் முன்கூட்டியே வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும். என் காருக்கு நூறு நியூட்டன் மீட்டர் இறுக்கம் போதும் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. கடைக்காரப் பெண் நூற்றைம்பது வரை போகும் ஒன்றைக் காட்டினாள். "அங்கிள், வீட்டு வேலைக்கு இது போதும்லா. பெருசு வாங்குனா சின்ன நட்டுக்கெல்லாம் சரியா வராது" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் முந்நூறு வரை போகும் நீளமானதைத்தான் எடுத்தேன். மச்சானின் முடுக்கு நூற்றைம்பதோடு நிற்காது என்று எனக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். என் கார் மாதிரியே அவருடையதும். புது டயரைத் தன் கையாலேயே மாட்டியதாக வந்ததும் வராததுமாகப் பீற்றிக்கொண்டார். உறவெல்லாம் வாசலில் நிற்க, "சும்மா பாப்போம் மச்சான்" என்று ரெஞ்சைக் கொண்டுவந்தேன். நூற்றில் வைத்து அழுத்தினேன். நட்டு இம்மியும் நகராமல் 'டிக்' என்றது. நூற்றைம்பதிலும் அப்படியே. இருநூற்றிலும் அப்படியே. "வேண்டியதுக்கு ரெண்டு மடங்கு முடுக்கி வச்சிருக்கீங்க. இதை ரோட்டுல எவனாலயும் கழட்ட முடியாது" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மச்சான் முகம் சுண்டிப்போனது. எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை. முந்நூறு வரைக்கும் வைத்துக் காட்டியிருக்கலாமே என்றுதான் இருந்தது.

"மெசின் தப்பாக் காட்டும்லா. என் கைதான் கணக்கு" என்றார்.

என் மனைவி, அவர் காரின் பின்பெட்டியிலிருந்த ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "அப்பன்னா நீங்களே கழட்டிக் காட்டுங்கண்ணே."

அவர் இழுத்தார், தொங்கினார், வேர்த்து விறுவிறுத்தார். நட்டு அசையவில்லை. "அப்புறமாப் பாத்துக்கலாம் தங்கச்சி" என்று சிரிக்கப் பார்த்தார்.

அவள் நகரவில்லை.

"இல்லண்ணே, இப்பவே கழட்டுங்க. நான் பின் சீட்டுல வலியில கெடக்கேன்னு நெனச்சிக்கிட்டுக் கழட்டுங்க."