புலியின் கைக்கடிகாரம்

அந்தக் கைக்கடிகாரத்துக்கு எஃகுப் பட்டை. மஞ்சள் துணியில் கறுப்புக் கோடுகள் தீட்டிய சட்டைக் கையின் ஓரத்தில் அது ஒரு கணம் மின்னியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பின் மன்றத்தில், ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காகப் போட்ட நாடகம் அது. புலியாக வந்தவர் அடுத்த வீட்டு மாமா. அப்பாவோடு ஒரே பிரிவில் வெல்டராக இருந்தவர்.

என் பக்கத்தில் தங்கை, ஐந்து வயதுக்காரி. வீட்டுக்குள் ஓயாமல் பேசுவாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. அவள் குரலை வகுப்பு ஆசிரியை கேட்டதே இல்லை. ஆண்டு முடிவதற்குள் வாய் திறக்காவிட்டால் அதே வகுப்பில்தான் மறுபடியும் இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள்.

குட்டியைத் தொலைத்த புலி மேடையிலிருந்து இறங்கிப் பிள்ளைகளுக்கு நடுவே வந்தது. "எங் குட்டிய யாராச்சும் பாத்தீங்களா?" என்று வரிசை வரிசையாகக் கேட்டது. ஆளுக்கொரு திசையைக் காட்டிக் கத்தினார்கள். தங்கை என் கையை விட்டாள். எழுந்து நின்றாள். புலி அவள் முன் மண்டியிட்டுக் காத்திருந்தது. அவள் உதடுகள் பிரிந்ததைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டேதான் உரக்கச் சொன்னேன்: "புலி வாட்ச் கட்டியிருக்கு."

மன்றமே சிரித்தது. மாமா தடுமாறவில்லை. "குட்டிக்கு ஸ்கூல் விடுற நேரம் தெரிய வேணாமாம்மா?" என்றார். நாடகம் பிழைத்துக்கொண்டது. தங்கை மட்டும் புலியின் முகத்தை விட்டு மணிக்கட்டைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். மற்றவர் காணாததைக் கண்ட பெருமையில் நான் திரும்பியபோது, பின்வரிசையில் பாதி எழுந்திருந்த அம்மாவும் மெல்ல உட்கார்ந்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டு அவள் வகுப்பு மாறவில்லை. என் ஒரு வாக்கியம்தான் காரணம் என்பதற்குச் சான்று இல்லை. அது காரணமே இல்லை என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. இன்று இலக்கிய மாணவியாக, பார்வையாளரின் நம்பிக்கையைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கங்கள் பிழையில்லாமல் எழுதுகிறேன். அன்றும் நான் பிழையாக எதையும் சொல்லிவிடவில்லை. உறுத்துவது அதுதான்.

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிப் பிள்ளைகளுக்கு எங்கள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து நாடகம் போட்டோம். உடைகள் என் பொறுப்பு. உதவிக்கு வந்திருந்த தங்கை, இப்போது பிளஸ் டூ படிப்பவள், கரடி வேடத்துக்குக் காது தைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்காததை அவளிடம் கேட்டேன்: அன்று என்ன சொல்ல எழுந்தாய்?

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஞாபகம் இருக்கு. ஆனா அத உங்கிட்ட எப்படிக்கா சொல்றது? புலிகிட்டல்ல சொல்லணும்" என்றாள். குரலில் கோபம் இல்லை.

மணி அடித்தது. கரடியாக நின்ற தோழியின் கையைப் பிடித்து, கடிகாரத்தைக் கழற்றினேன். திரை விலகிப் பிள்ளைகளின் சத்தம் எழுந்தபோது, அது என் உள்ளங்கையில் ஓடிக்கொண்டிருந்தது.