ஆறாவது கொக்கி

என் மகள் இணையத்தில் எதையாவது வாங்கினாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைக்குப் போய், கையில் தூக்கிப் பார்த்து, திருகிப் பார்த்து வாங்க வேண்டிய சாமானைப் படத்தில் பார்த்து வாங்குகிறவர்களை என்னவென்று சொல்வது? அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில், அவள் பெட்டியைப் பிரித்து, காருக்குப் பின்னால் மாட்டுகிற சைக்கிள் ரேக்கை வெளியே எடுத்தபோதும் அதைத்தான் சொன்னேன்.

“தகரம் மாதிரி இருக்கு. இத காடி பின்னால மாட்டி, அதுல சைக்கிளக் கட்டி, கிள்ளான் வரைக்கும் போவியா? ஈப்போ தாண்டறதுக்குள்ள சைக்கிள் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.”

“அதுக்குத்தான்பா உங்களைக் கீழ கூப்பிட்டேன். நீங்க மாட்டினா நிக்கும்லா,” என்றாள்.

இப்படிச் சொன்னால் நான் அடங்கிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன் நான். என் கை பட்டால் எதுவும் நிற்கும். வாய் பட்டால்தான் எதுவும் நிற்காது.

அவளுக்குக் கிள்ளானில் புது வேலை. செவ்வாய்க்கிழமை வேலையில் சேர வேண்டும். துணிப்பெட்டி, ரைஸ் குக்கர், அவள் அம்மாவின் படம் எல்லாம் காருக்குள் ஏறிவிட்டன. சைக்கிள்தான் பாக்கி. நீல நிறச் சைக்கிள். அவளுடைய முதல் சம்பளத்தில் வாங்கியது. ஆனால் அவளைவிட என் மனைவிதான் அதை அதிகம் ஓட்டினாள். நாற்பத்தெட்டு வயதில், மகளின் டிராக் பேண்டை மாட்டிக்கொண்டு, இதே கார் நிறுத்துமிடத்தில் ஓட்டப் பழகினாள். மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். “விட்றாதடி, விட்றாதடி!” என்று இவள் போடுகிற சத்தத்தில் நாலாம் மாடிவரை ஜன்னல் திறக்கும். நான் மேலே நின்று, “கிழவிக்கு இந்த வயசுல சர்க்கஸ் கேக்குதா?” என்று கத்துவேன். ஒரே மாதத்தில் அவள் சந்தைக்குச் சைக்கிளில் போய் மீன் வாங்கி வந்தாள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் போய் ஒரு வருடம் முடிந்து, திதியும் கொடுத்தாகிவிட்டது. அதற்காகத்தான் மகள் இத்தனை நாள் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

அவள் போன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையில் எனக்கு என்ன வேலை என்று யாருக்கும் புரியாது. காலை பத்து மணிக்கு, நெஞ்சை அடைக்கிறது என்றாள். நான், வாயு, இஞ்சித் தண்ணி குடி என்றேன். பதினொன்றுக்கு வேர்த்துக் கொட்டியது. என்னிடம் மோட்டார் சைக்கிள்தான் இருக்கிறது. கார் மகளோடு வேலைக்குப் போயிருந்தது. ஆம்புலன்ஸை அழைத்திருக்க வேண்டும். வந்தால் மொத்த அடுக்குமாடியும் நின்று வேடிக்கை பார்க்குமே என்று யோசித்தேன். இப்படி ஒரு யோசனை! மகளுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அவள் வேலை செய்த இடத்தில் தூசி படக்கூடாது; தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அது எனக்குத் தெரியாதா? அதே மாதிரி தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன்தானே? தெரிந்தும் பதினோரு தடவை அடித்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுச் சீனர்தான் சத்தம் கேட்டு வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அதற்குள் நேரம் கடந்துவிட்டது.

மருத்துவமனைத் தாழ்வாரத்துக்கு மகள் ஓடி வந்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன்: “நீ போன எடுத்திருந்தா உங்கம்மா இருந்திருப்பா.”

ஒரு சொல் வெல்லும், ஒரு சொல் கொல்லும் என்பார்கள். அடுத்த வாரமே அவள் அந்த வேலையை விட்டுவிட்டு, போனை மேசைமேல் வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு அலுவலகத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். ஒரு வருடம் எனக்குச் சமைத்துப் போட்டாள், மருந்து வாங்கி வந்தாள், ‘அப்பா’ என்று கூப்பிடுவதிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. தப்பு உன்னோடது இல்லம்மா, என்னோடது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு ஒரு வருடம் போதவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் ரேக் மாட்டக் கீழே இறங்கினேன். கை வேலையாக இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று ஒரு கணக்கு.

ரேக்கைக் கையில் தூக்கிப் பார்த்ததும், தகரம் என்று சொன்னது தப்பு என்று தெரிந்தது. நல்ல சாமான்தான். இரும்புச் சட்டம், அதில் சைக்கிளைத் தாங்க இரண்டு கை, காரோடு இழுத்துக் கட்ட ஆறு வார். மேலே இரண்டு, கீழே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வாரின் நுனியிலும் ரப்பர் பூசிய ஒரு கொக்கியைக் கோத்து, பின்கதவு விளிம்பில் மாட்டி இழுக்க வேண்டும். ஆறும் சமமாக இறுகினால்தான் ஆடாது. அவள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒவ்வொன்றாகக் கோத்தேன்.

முதல் வார் இறுகியது. இப்போது சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். “ஏம்பா?” என்றாள். “ஒண்ணுமில்ல, நேரா பிடி,” என்றேன்.

மூன்றாவது வாரின்போது பக்கத்து வீட்டுச் சீனர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். சைக்கிளை மாட்டினால் நம்பர் பிளேட் மறைந்துவிடும், போலீஸ் பிடித்தால் சம்மன் என்று மலாயில் ஒரு பிரசங்கம் செய்தார். நம்பரை ஓர் அட்டையில் எழுதி சைக்கிளிலேயே கட்டப் போகிறோம் என்று மகள் பொறுமையாகச் சொன்னாள். அந்த ஆளைப் பார்த்தாலே எனக்கு அன்றைய காலைதான் ஞாபகம் வரும். குனிந்த தலை நிமிராமல் வாரை முடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது வார் முடியும்போது மணி மூன்றே முக்கால். அவள் போனைப் பார்த்து, “நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கிளம்பிடணும்பா,” என்றாள். அவள் அம்மா பழக்கிய பழக்கம். ராகு காலத்தில் வாசலைத் தாண்டமாட்டாள். உயிரோடு இருந்தவரை நான் அதைக் கேலி செய்யாத ஞாயிறு கிடையாது. ராகுவுக்கு வேற வேலை இல்லையா, உன் பின்னாலேயே சந்தைக்கு வர்றானா என்பேன். அன்றைக்கு முதல் தடவையாக எனக்கு ராகுமேல் பிரியம் வந்தது. நாலரையைத் தாண்டிவிட்டால் ஆறு மணி வரை நகரமாட்டாள். ஆறு மணிக்குமேல் கிள்ளானுக்குத் தனியாக ஏன் போகிறாய், காலையில் போ என்று சொல்லிவிடலாம். ஒரு ராத்திரி கிடைக்கும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எப்படியாவது சொல்லிவிடலாம்.

அவள் குனிந்து சைக்கிள் பெடலை ஒரு துணியால் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆறாவது கொக்கி என் உள்ளங்கையில் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அறுபத்து மூன்று வயது. வெட்கங்கெட்ட வேலை.

“ஒரு கொக்கி குறையுதேம்மா.”

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தாள். காருக்கு அடியில் குனிந்து பார்த்தாள். நானும் முட்டி போட்டு, என் பையில் இருப்பதைத் தரையில் தேடினேன். சாக்கடை மூடி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு.

“கயித்தால கட்டிடலாமா?”

“ஹைவேல நீ போற வேகத்துக்குக் கயிறு தாங்குமா? பின்னால வர்றவன் மேல விழுந்தா?” இது மட்டும் பொய்யில்லை. “கடை மூடிட்டான். நாளைக்குக் காலையில வாங்கிட்டு, மெதுவா போலாம்.”

அவள் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் என்று இப்போது தோன்றுகிறது. நானும் பார்த்தேன். சீனரோ போகாமல் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்தேன். அவர் போனார். அப்போதும் சொல்லவில்லை.

“சரிப்பா. சைக்கிள் இங்கயே இருக்கட்டும்,” என்றாள்.

“இல்லம்மா, நாளைக்கு…”

“வேணாம்பா. இன்னிக்கே போறேன். ரூம் சாவி கொடுக்க வீட்டுக்காரம்மா காத்திருக்காங்க.” பெடலில் சுற்றிய துணியை அவிழ்த்து மடித்து என் கையில் கொடுத்தாள். “மாடிக்கு ஏத்திடுங்க. வெளிய நின்னா துரு பிடிச்சிடும்.”

சாமி படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து வந்த எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்தாள். அதுவும் அவள் அம்மா பழக்கம். கார் அதை நசுக்கிக்கொண்டு புறப்பட்டது. ரேக்கைக் கழற்றக்கூட இல்லை. ஐந்து வாரோடு, சைக்கிள் இல்லாமல், அந்த வெறும் இரும்புச் சட்டம் ஜெலுத்தோங் சாலையில் திரும்பி மறைந்தது. மணி நாலே இருபது.

அந்தச் சைக்கிள் கிள்ளானுக்குப் போயிருந்தால் அவள் அம்மாவில் கொஞ்சமாவது அவளோடு போயிருக்கும். அதையும் நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஒரு ராத்திரிக்கு ஆசைப்பட்டு, இருந்ததையும் கெடுத்தேன். சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். லிப்டுக்குப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும். அன்றைக்கே பார்த்துத் தொலைத்திருந்தால் இவள் அம்மா பிழைத்திருப்பாள்.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் போன் அடித்தது. சுங்கை பேராக் ஓய்விடத்திலிருந்து பேசினாள். டீ குடிக்க நின்றாளாம். சாலையில் கூட்டம் இல்லையாம்.

“சாப்பிட்டியாம்மா?”

“ம். அப்பா, அந்தச் சட்டையத் துவைக்கப் போடுறதுக்கு முன்னாடி பையில இருக்கற கொக்கிய எடுத்துடுங்க. மிஷின் கெட்டுடும்.”

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கொக்கி அங்கேயேதான் இருந்தது.

“தெரியுமா உனக்கு?”

“பையில போட்டத பாத்தேன். நீங்க ஏதோ சொல்லத்தான் என்னை நிறுத்தப் பாக்கறீங்கன்னு நெனச்சேன். அதான் நாலேகால் வரைக்கும் நின்னேன்பா.”

அந்தப் பக்கம் லாரி ஒன்று போகிற சத்தம் கேட்டது. இப்போது சொல், இப்போதாவது சொல் என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். நான், “பாத்துப் போம்மா,” என்றேன்.

“சரிப்பா,” என்று வைத்துவிட்டாள்.

வைத்த அடுத்த நிமிடம் அந்த வாக்கியம் முழுசாக வாய்க்கு வந்தது. ஒரு வருடமாக வராதது, சொல் சொல்லாக வந்தது. உடனே திரும்ப அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்? மறுபடி அடித்தேன். மூன்றாவது தடவை அடிக்க விரலை வைத்தபோதுதான், கிள்ளானில் இறங்கி அவள் போனைப் பார்க்கும்போது திரையில் என்ன இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். எடுக்காமல் விட்ட அழைப்புகள், அப்பாவிடமிருந்து, வரிசையாக.

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சைக்கிளை மேலே ஏற்றக் கீழே போனேன்.