கட்டங்களுக்கு நடுவே ஒரு பெயர்

பேய் பிசாசுக் கதைகளை நான் ஒருநாளும் நம்பியவன் அல்ல. இப்போதும் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் செய்யாத குற்றத்தை என் தலையில் கட்டினால் எத்தனை காலம்தான் வாயை மூடிக்கொண்டிருப்பது? நாலு பேருக்கு முன்னால் பேசக் கூச்சப்படுகிறவன், அதனால் எழுதுகிறேன்.

ஜேர்மனியில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கில், நவம்பர் மரித்தோர் பூசையில் இறந்தவர்களின் பெயரையும் இறந்த வயதையும் வாசிப்பார்கள். பட்டியல் அடிப்பது நான். மன்னார் றீற்றா அக்கா மட்டும் மகன் அன்ரனின் பெயரைத் தரமாட்டார். சண்டைக் காலத்தில், இருபத்திரண்டு வயதில் காணாமல் போனவன். "அவன் உயிரோட இருக்கிறான். பேரைப் போட்டியளோ, பிறகு தெரியும்!" என்பார்.

பங்கு மண்டபத்துக் கம்ப்யூட்டர் சரியான பழசு. திருத்தவந்த டானியல் அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்து, யாரோ வெட்டிக் குறைத்து மெலிய வைத்த ஒரு சிஸ்டத்தை ஏற்றினான். பிறகு கம்ப்யூட்டர் பறந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சனிக்கிழமை பின்னேரம், வீட்டில் அடித்து யூ.எஸ்.பி. ஸ்டிக்கில் கொண்டுபோன பட்டியலை அதில் அச்செடுத்தால், எழுத்தே இல்லை, தாள் முழுக்க வெறும் கட்டங்கள். நம்பினால் நம்புங்கள், நடுவில் ஒரு வரி மட்டும் நல்ல தமிழில்: அன்ரன், வயது 41.

அதை டானியலிடம் காட்டினேன்.

"அண்ணை, தமிழ் எழுத்தையும் சேர்த்தெல்லோ வெட்டி எறிஞ்சு கிடக்கு! அது எப்பிடித் தமிழ் அடிக்கும்? நீங்கள்தான் ஏதோ விளையாடியிருக்கிறியள்."

பீடத்துக்குப் பூ அடுக்கிக்கொண்டிருந்த றீற்றா அக்கா தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். மண்டபத்தில் நின்ற மற்றவர்கள் என்மேல் பாய்ந்தார்கள். "பெத்த தாயோட பகிடி விடுறியோ?" வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய் என் கம்ப்யூட்டரில் இருந்த பட்டியலைக் காட்டினேன், அந்த வரியே அதில் இல்லை. "அழிச்சுப்போட்டுக் காட்டுறாய்" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரம்! நான் போட்டிருந்தால் இருபத்திரண்டு என்றல்லவா போட்டிருப்பேன்? இன்று இருந்தால் அவனுக்கு ஐம்பது தாண்டும். நாற்பத்தொன்று எந்தக் கணக்கு? இன்றைக்கும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறார்கள்.

றீற்றா அக்கா மட்டும் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்கிறார்:

"தம்பி, அந்தப் பத்தொன்பது வருசமும் என்ர பிள்ளை எங்க இருந்தவன்?"