பீர் ஆலையில் மாப்பிள்ளை பார்க்கப் போனோம்

டிக்கெட் வாங்கிக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் எங்கள் பரம்பரையிலேயே நானும் என் கணவரும்தான். டிக்கெட்டை எங்கள் பெண்ணே ஆன்லைனில் எடுத்துக் கொடுத்தாள். சனிக்கிழமை மதியங்களில் பீர் ஆலையைச் சுற்றிக் காட்டுவார்களாம். சுற்றிக் காட்டுகிறவன்தான் அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பையன். அங்கே பீர் தயாரிப்பவனும் அவனேதான்.

அவன் வங்காளி என்பது எங்கள் வீட்டில் ஒரு பேச்சே இல்லை. என் தாத்தா காலத்திலேயே கம்பெனி வேலைக்காகக் கல்கத்தா பவானிபூருக்கு வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. வங்காளி மருமகள், வங்காளி சம்பந்தி எல்லாம் பார்த்தாயிற்று. என் பெண் தமிழில் பேசுவாள், ஆனால் சண்டை என்று வந்தால் வங்காளத்துக்குத் தாவிவிடுவாள். இடித்தது பையனின் வேலைதான். என் கணவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து, சாந்த்ராகாச்சி யார்டில் ஓய்வு பெற்றவர். மதுவை மோந்துகூடப் பார்த்ததில்லை. "சாராயம் காய்ச்சறவனுக்கா பொண்ணு குடுக்கறது?" என்பது அவருடைய ஒரே கேள்வி. பையன் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்று பெண் சொன்னதற்கு, "சரி, படிச்சுட்டுக் காய்ச்சறான்" என்றார்.

என்னை ஏதோ முற்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம். நானும் அவர் கட்சிதான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், நாலு பேருக்கு நடுவில் பழகியவள், இருந்தும் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளை என்ன பண்றார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

பெண் அழவில்லை, கத்தவில்லை. "நீங்க வேண்டாம்னு சொன்னா நான் பண்ணிக்க மாட்டேன். வேற யாரையும் பண்ணிக்கவும் மாட்டேன். ஆனா அவன் என்ன வேலை பண்றான்னு பார்க்காம வேண்டாம்னு சொல்லாதீங்க" என்றாள். இதற்கு என்ன மறுப்பு சொல்ல முடியும்? சரி, வருகிறோம் என்றோம். ஒரு நிபந்தனை மட்டும் என் கணவர் போட்டார்: "வருவோம், பார்ப்போம். கை நனைக்க மாட்டோம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகாமல் அந்த இடத்தில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்க மாட்டோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். நீட்டியதை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதுவும் பதில்தான், அதற்கப்புறம் பேச்சில்லை. எத்தனையோ வழக்கங்களைக் கல்கத்தா எங்களிடமிருந்து உருவிக்கொண்டுவிட்டது. இது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.

கரியாஹாட் சிக்னலில் டாக்ஸி நின்றபோது பழக்கடையைப் பார்த்துவிட்டு, "வெறுங்கையோட போறோமே, பழம் ஏதாவது வாங்கலாமா?" என்றார் கணவர்.

"பீர் ஆலைக்கு யாராவது வாழைப்பழம் வாங்கிட்டுப் போவாங்களா?" என்றேன். பெண் முன்சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

பைபாஸைத் தாண்டி, பழைய கிடங்கு ஒன்றை மாற்றிக் கட்டிய இடம். எங்களோடு ஏழெட்டுப் பேர் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். எல்லாம் என் பெண் வயது. பட்டுப்புடவையில் நின்ற என்னை, பாவம் கல்யாண மண்டபம் தேடி வந்தவள் என்கிற மாதிரி பார்த்தார்கள். பையன் வந்தான். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், ஈரமான ஏப்ரன், கையில் தரை கழுவுகிற குழாய். மாப்பிள்ளைக் கோலம் இப்படியும் இருக்கலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குழாயைக் கீழே போட்டுவிட்டு, "ஆஷுன் காகிமா, ஆஷுன் காகு" என்று கும்பிட்டான். வாங்க என்கிறான்; காகிமா, காகு என்பது வங்காளத்தில் சித்தி, சித்தப்பா முறை. குரல் கொஞ்சம் நடுங்கியது. நடுங்கட்டும் என்று இருந்தேன்.

முதலில் தானியம் வைத்திருக்கும் அறை. முளைகட்டி வறுத்த பார்லி, மூட்டை மூட்டையாக. ஒரு கரண்டியால் அள்ளி எல்லோர் உள்ளங்கையிலும் போட்டு, மென்று பார்க்கச் சொன்னான். எங்கள் பக்கம் வந்தவன் கரண்டியை மூட்டைக்குள்ளேயே செருகிவிட்டுத் திரும்பினான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது ஓர் ஆள் உயரத்துக்கு எஃகுப் பாத்திரம். அதன் மூடியை அவன் தூக்கியதும் ஆவி எழுந்து எங்கள் முகத்தில் அடித்தது. சத்துமாவுக் கஞ்சியையும் பாயசத்தையும் ஒரே அடுப்பில் வைத்த மாதிரி ஒரு வாசனை. பாயச வாசனை எங்கிருந்து வருகிறது என்று யோசிக்கும்போதே, "பார்லியோட கோவிந்தபோக் அரிசியும் போட்டிருக்கேன்" என்றான். இங்கே பூஜைப் பாயசத்துக்குப் போடுகிற சின்ன அரிசி அது. சர்க்கரை ஒரு சிட்டிகைகூடப் போடுவதில்லையாம். தண்ணீர் சரியான சூட்டில் இருந்தால் தானியம் தன் மாவைத் தானே சர்க்கரையாக்கிக்கொள்ளுமாம். கீழே ஒரு குழாயைத் திறந்தான். தேன் நிறத்தில் தண்ணீர் இறங்கியது. சின்னச் சின்ன தம்ளர்களில் பிடித்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தான்.

"இதுல போதை ஒண்ணும் கிடையாது. இன்னும் பீரே ஆகல. குழந்தைகூடக் குடிக்கலாம்" என்றான்.

எல்லோரும் குடித்தார்கள். ஆகா என்றார்கள், இன்னும் கொஞ்சம் கேட்டார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் தரவில்லை. எங்களைப் பார்க்கக்கூட இல்லை. தம்ளர் தட்டை மேஜையில் வைத்துவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போனான்.

எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேண்டாம் என்று சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். எப்படிச் சொல்ல வேண்டும், எந்த அளவுக்குச் சிரிக்க வேண்டும் என்றெல்லாம் டாக்ஸியிலேயே ஒத்திகை பார்த்தாயிற்று. ஆனால் அதைச் சொல்ல எனக்கு ஒரு வாய்ப்பு வேண்டாமா? வழியில் போகிறவனைக்கூடக் கூப்பிட்டு இனிப்புக் கொடுக்கிற ஊர் இது. டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றுகிறான், பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர் இல்லை. கணவரைப் பார்த்தேன். அவரும் கவனித்திருந்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அந்தக் கோபத்தோடுதான் மற்றதையும் பார்த்தேன். அடுத்து அவன் ஒரு டப்பாவைத் திறந்தபோது, நேராக என்னிடம் வந்து பச்சையாக நாலைந்து உருண்டைகளை என் கையில் போட்டான். பீருக்குக் கசப்புத் தருகிற ஹாப்ஸ் பூவை அரைத்து அழுத்தியது. "கசக்கி மோந்து பாருங்க காகிமா" என்றான். கசக்கினேன். வெட்டிய புல்லும் நாரத்தை இலையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. கையை மூக்கிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. எடுத்தேன், கோபமாக இருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்ததால்.

கடைசியில் புளிக்க வைக்கும் கூடத்துக்குள் போனோம். உள்ளே ஜில்லென்றிருந்தது. கூரைவரை உயர்ந்த எஃகுத் தொட்டிகள், அடிப்பக்கம் குவிந்து, வரிசையாக நின்றன. எங்கே பார்த்தாலும் குழாய்கள், வால்வுகள், அழுத்தம் காட்டும் வட்ட முகங்கள். என் கணவரின் நடை மாறிவிட்டது. முள் எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனார். மகா நிம்மதியான முகம்.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க" என்றான் பையன்.

எல்லோரும் பேச்சை நிறுத்தியதும் கேட்டது. குளுக், குளுக், குளுக் என்று. ஒரு தொட்டியின் உச்சியிலிருந்து இறங்கிய குழாய் கீழே வாளித் தண்ணீருக்குள் முடிந்தது. அதிலிருந்து விடாமல் குமிழி வந்துகொண்டிருந்தது.

"மோட்டார் எங்க இருக்கு?" என்றார் என் கணவர், வங்காளத்தில். அன்றைக்கு அவர் பையனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மோட்டார் இல்ல காகு. எல்லாத்தையும் நிறுத்திட்டேன். இது ஈஸ்ட்டோட மூச்சு."

அவர் நம்பவில்லை. தொட்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு வந்தார். பையன் எங்களை இரும்புப் படியில் ஏறச் சொன்னான். மேலே ஒரு வட்டக் கண்ணாடி, உள்ளே விளக்கு. நான் எட்டிப் பார்த்தேன்.

என்னவென்று சொல்வது? நுரை என்றால் நாம் நினைக்கிற நுரை இல்லை. மலை மலையாக எழும்பி, மடிந்து, உள்ளே புதைந்து, மறுபடி இன்னொரு பக்கம் எழும்பியது. யாரும் கிளறவில்லை, அடியில் நெருப்பில்லை. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆயுசு முழுக்க இட்லி மாவு புளிக்க வைத்தவள் நான். ஜனவரிக் குளிரில் பாத்திரத்தைச் சால்வையில் சுற்றி வைத்து, காலையில் பொங்கியிருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்திருக்கிறேன். பொங்குவதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. என் சமையலறையில் தினமும் இப்படி ஒரு திருவிழா நடந்திருக்கிறது, நான் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

"இதுங்க வேலை செய்யச் செய்ய தொட்டி சூடாகும். அளவுக்கு மேல சூடாகாம பார்த்துக்கறதுதான் என் வேலை" என்றான் பையன். "அப்புறம் கழுவறது. ரொம்பக் கழுவணும். மத்தபடி அவசரப்படுத்த முடியாது காகிமா. அதுங்களுக்கு எப்போ முடியுதோ அப்போதான்."

என் கணவர் எனக்குப் பின்னால் ஏறினார். மற்றவர்கள் முறை வந்தும் இறங்கவில்லை. உள்ளங்கையை எஃகின்மேல் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பெண் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் அது. என் கண் கலங்கிவிட்டது, ஆவி பட்டது என்று சொல்லவும் அங்கே ஆவி இல்லை.

வெளியே ஒரு கூடத்தில் நீளமான மேஜை போட்டிருந்தார்கள். வந்தவர்களுக்குச் சின்னக் கண்ணாடி தம்ளர்களில் வகை வகையாக பீர் வந்தது. குடிக்காத இரண்டு பேருக்கு அந்தத் தேன் நிறத் தண்ணீரையே குளிரவைத்துக் கொடுத்தான். எங்கள் முன்னால் மேஜை துடைத்து வைத்தபடி காலியாக இருந்தது. ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீர்கூட இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பெண்ணை ஓரமாக இழுத்துப்போய்த் தமிழில் பிடித்துக்கொண்டேன். "என்னடி இது? ஊருக்கெல்லாம் குடுக்கறான், எங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கத் தெரியாதா? மரியாதைன்னு ஒண்ணு இல்ல?"

அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான்தாம்மா அவன்கிட்ட சொன்னேன். முடிவு பண்ணாம நீங்க கை நனைக்க மாட்டீங்க, குடுத்து நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா அதுதான் பதில்னு. அதைக் கேட்டதுலேருந்து அவனுக்கு பயம். ஏதாவது நீட்டிட்டா, நீங்க அந்த நிமிஷமே சொல்லியாகணுமேன்னு. 'அவங்களுக்கு எவ்வளவு நாள் வேணுமோ எடுத்துக்கட்டும், என் தம்ளர் அவங்களை அவசரப்படுத்தக் கூடாது'ன்னான். தண்ணிகூட மேஜைல வைக்காதேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கான்."

அந்தப் பூ உருண்டையை முதலில் என் கையில் ஏன் போட்டான் என்பது அப்போது புரிந்தது. எல்லாவற்றிலும் அதை மட்டும்தான் வாயில் போட வேண்டாம். மோந்து பார்த்தால் போதும்.

எங்கள் வழக்கத்தை எங்களைவிட நன்றாகக் காப்பாற்றியிருக்கிறான் ஒரு வங்காளிப் பையன். நாங்கள் அதைக் கத்தி மாதிரி கொண்டுவந்திருந்தோம். அவன் அதில் யாரும் கீறிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டான்.

கல்யாணமான நாளிலிருந்து பெரிய விஷயம் எதையும் நான் கணவரைக் கேட்காமல் முடிவு செய்ததில்லை. அவர் மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தார். பெண் சொன்னது அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை. நான் கேட்கவும் போகவில்லை. நேராகப் பையனிடம் போனேன்.

"எனக்கும் கொஞ்சம் குடுப்பா" என்றேன், வங்காளத்தில்.

அவன் உடனே ஊற்றவில்லை. என்னைப் பார்த்தான், என் பெண்ணைப் பார்த்தான். தெரிந்துதான் கேட்கிறேனா என்று அவனுக்குச் சந்தேகம். "தெரிஞ்சுதான் கேக்கறேன்" என்றேன். அந்தத் தேன் நிறத் தண்ணீரை ஊற்றும்போது அவன் கை நன்றாகவே நடுங்கியது. இந்த முறை நடுங்க வேண்டாமே என்றிருந்தது எனக்கு. வாங்கிக் குடித்தேன். தித்திப்பு என்றால் அப்படியொரு தித்திப்பு. பாயச வாசனை தொண்டைவரை இறங்கியது.

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் கணவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். பையன் இன்னொரு தம்ளரை எடுத்தான், ஆனால் ஊற்றத் துணியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"எனக்கு வேண்டாம்" என்றார்.

என் பெண் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசா வேண்டாம். சுகர் இருக்கு. பாதி ஊத்து போதும்."

பையன் சரியாகப் பாதி ஊற்றிக் கொடுத்தான். அவர் மெதுவாக, ருசித்து, அடிவரை குடித்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே தம்ளரை மறுபடி நீட்டினார்.