துவைக்கிற கல்லில் திரித்த பால்

என் மருமகள் ஜார்ஜியாவில் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்தவள். தச்சநல்லூர்ப் பெண். அவள் படித்த தேசம் எங்கே இருக்கிறது என்று கல்யாணப் பேச்சு வந்தபோதுதான் அட்லஸை விரித்துப் பார்த்தேன். கருங்கடலுக்குக் கிழக்கே, மலைக்கு அடியில், ஒரு பாக்களவு இடம். "இங்கன போயா படிச்சா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இப்பம் தெருவுக்கு ஒரு பிள்ள அங்கனதாம்ட்டி படிக்கி. நீதான் பள்ளிக்கூடத்தத் தாண்டி ஒண்ணையும் பாக்கல" என்றார்.

பள்ளிக்கூடம் என்று அவர் குத்திக்காட்டியது பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியை. வேதியியல் ஆசிரியை. ஓய்வு பெற்ற பிறகும் எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. தோசை மாவு மார்கழியில் ஏன் பொங்கவில்லை என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வேன். வீட்டில் இதற்கெல்லாம் எனக்கு நல்ல பெயர் கிடையாது.

மருமகள் வந்த புதிதில் அவளையும் விடவில்லை. அங்கே என்ன விளையும், எப்படிச் சமைப்பார்கள், பனி விழுந்தால் துணி எப்படிக் காயும்? அவளும் சளைக்காமல் சொல்வாள். அவள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் வாரம் தவறாமல் ஒரு ரொட்டி சுடுவாளாம். உள்ளே பாலாடைக்கட்டி வைத்து மூடிச் சுட்ட ரொட்டி. பெயர் கச்சாப்பூரி. அங்கே பூரி என்றாலே ரொட்டிதானாம். கீரை வைத்தும் ஒன்று உண்டு, பீட்ரூட் இலையைப் பொடிப்பொடியாக அரிந்து பாலாடைக்கட்டியோடு பிசைந்து வைப்பது. நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவக் குடும்பம். வெளியூரில் பிள்ளை பட்டினி கிடக்காமல் இருந்ததற்கு அந்தக் கீரை ரொட்டிதான் காரணம் என்று அவளுடைய அம்மா கல்யாணத்தன்று என்னிடம் சொன்னாள்.

போன வருஷம் அவளுக்கு மூன்றாம் மாதம் கலைந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால் நான் ஒன்றை மறக்கவில்லை. அன்று காலையில் அடுப்பில் வைத்த பால் திரிந்துபோனது. சித்திரை வெயில், பாத்திரத்தில் ஏதோ புளிப்பு ஒட்டியிருக்கும், பால்காரர் தாமதமாக வந்தார். காரணங்கள் எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் பீக்கரில் பாலை ஊற்றி, அமிலம் விட்டு, திரிய வைத்துக் காட்டியவள் நான். பள்ளிக்கூடத்தில் திரிந்தால் அது பாடம். வீட்டில் திரிந்தால் கெட்ட சகுனம். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அந்தத் திரிந்த பால் மட்டும்தான் என் கண்ணுக்குள் நின்றது.

இந்த வருஷம் மறுபடி உண்டானாள். இந்த முறை மசக்கை அவளைப் போட்டுப் புரட்டியது. சோறு வெந்தால் ஓடினாள், தாளித்தால் ஓடினாள், பச்சைத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய்விட்டது. இரண்டு தடவை குளுக்கோஸ் ஏற்றினார்கள். இனியும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மகன் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. வீட்டுக்கு வந்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி "இன்னைக்கு எதாவது தங்குச்சா?" என்பதுதான். நான் அடுக்களைக்குள் போய்விடுவேன்.

அப்படி இருக்கும்போது ஒரு நாள் காலையில் அவளாகவே வந்து அடுக்களை வாசலில் நின்றாள். "அத்தை, ஒண்ணு திங்கணும் போல இருக்கு" என்றாள். எனக்குக் கையில் இருந்த கரண்டி ஓடவில்லை. "சொல்லும்மா, என்ன வேணும்?" என்றேன். "அந்தக் கீரை ரொட்டி."

அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கடையில் இருந்த பாலாடைக்கட்டியையெல்லாம் வாங்கி வந்தார். முதல் பாக்கெட்டைப் பிரித்ததுமே அந்த வாடையில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பனீரில் ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்தாள். "ரப்பர் மாதிரி இருக்கு அத்தை. இது இல்ல" என்று துப்பிவிட்டாள்.

"அப்பம் அந்த அம்மா எப்படிச் செய்வா?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசையாகத்தான் கேட்டேன். "அவங்க வீட்டுலயேதான் செய்வாங்க அத்தை. காலைல பாலை வாங்கி, இளஞ்சூட்டுல வச்சு, திரிய..." அத்தோடு நிறுத்திக்கொண்டு நாக்கைக் கடித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம் அத்தை. சும்மா தோணிச்சு. இப்பம் போயிட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. மசக்கைக்காரி வாய்விட்டுக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டுமானால் வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் நானே கையால் பாலைத் திரிக்க வேண்டும். ஒரு பயத்தை விட்டால் இன்னொரு பயம். இரண்டுக்கும் வேதியியலில் இடம் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, இரண்டையுமே என்னால் உதற முடியவில்லை.

பக்கத்து வீட்டு டீச்சரிடம் போனேன். அவளும் நானும் ஒரே பள்ளியில் இருந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகப் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் சுடுகிற வட்ட அலுமினிய ஓவன் ஒன்று அவளிடம் உண்டு. மற்ற மாதமெல்லாம் அது பரணில்தான் தூங்கும். ஓவனைக் கேட்டுவிட்டு மெதுவாகப் பால் விஷயத்தையும் சொன்னேன். "இதுக்கா டீச்சர் மூஞ்சிய இப்படி வச்சிருக்கிய? எங்க வீட்டுல வந்து திரிச்சுக்கிடுங்க. நாங்க சகுனமெல்லாம் பாக்க மாட்டோம்" என்றாள். எனக்கு உயிர் வந்தது. பால் கொண்டுவரத் திரும்பினேன். வாசல்வரை வந்தவள் பைய என் கையைப் பிடித்தாள். "இன்னைக்கு மட்டும் வேண்டாமே டீச்சர். மகளப் பாக்க மாப்பிள்ளை வீட்டுல இருந்து வாராவ." சொல்லிவிட்டு அவளே வெட்கப்பட்டுச் சிரித்தாள். "பிள்ளைக்காக ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்று ஓவனை என் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

வீட்டுக்காரர் நடந்ததைக் கேட்டுவிட்டு, "டீக்கடையில எப்பமாவது திரிஞ்ச பாலு கெடக்கும். நான் போயிக் கேக்கட்டா?" என்றார். நான் பார்த்த பார்வையில் பேப்பரை எடுத்துக்கொண்டார்.

பின்வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே துவைக்கிற கல். வாழைமரத்தடியில் அகலமாகக் கிடக்கிற கருங்கல். பார்த்துக்கொண்டே இருந்தபோது அது பள்ளிக்கூடத்து ஆய்வக மேஜை உயரம்தானே என்று தோன்றியது. என் புத்தி போன போக்கைப் பாருங்கள்: வீட்டுக்குள் திரிந்தால்தானே வீட்டுக்கு ஆகாது? கல்லை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அடுக்களை ஜன்னல் வழியாக வயரை இழுத்து, கரண்ட் அடுப்பைக் கல்மேல் வைத்தேன். தினமும் பால் காய்ச்சுகிற சட்டியைத் தொடவில்லை, பரணிலிருந்து புது எவர்சில்வர் சட்டியை இறக்கினேன். "ஏட்டி, அது துவைக்கிற கல்லுட்டி" என்றார் வீட்டுக்காரர். "இன்னைக்கு இது ஆய்வகம். நீங்க அங்கனயே இருங்க" என்றேன்.

எலுமிச்சம்பழம் பிழிந்தால் வாசம் வந்துவிடும் என்று புளித்த தயிரை எடுத்துக்கொண்டேன். ஜார்ஜியாவில் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ஒன்றைப் போட்டுத்தான் பாலை உறைய வைப்பார்களாம், அப்போதுதான் சூட்டில் உருகி இழுபடும். அங்கே அவள் தின்றது இருக்கட்டும், இங்கே சைவ வீட்டில் அது ஆகாது. இழுபடாவிட்டால் போகிறது, ருசி வந்தால் போதும் என்று இருந்தேன்.

பால் சூடேறி ஆவி பறந்தது. தயிர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊற்றக் கை வரவில்லை. எத்தனை பீக்கரில் ஊற்றியிருப்பேன்! பயமாக இருந்தது.

"நான் ஊத்தட்டா அத்தை?"

எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியாது. பின்வாசல் படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ போயிப் படும்மா. இதப் பாக்கக் கூடாது" என்றேன். அவள் நகரவில்லை. "போன வருஷம் பால் திரிஞ்சதாலதான்னு நீங்க நினைக்கீங்களா அத்தை?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். காரணங்களை அடுக்கியிருக்கலாம். "ஆமா" என்று வந்துவிட்டது வாயில்.

"நானுந்தான்" என்றாள் டாக்டருக்குப் படித்தவள்.

ஒரு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அடுக்களையில், இரண்டு பேரும் அதே பயத்தை ஒருத்திக்கொருத்தி தெரியாமல் வைத்துக்கொண்டு, காலையில் பால் காயும்போதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்திருக்கிறோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கிண்ணத்தை அவளிடம் நீட்டினேன். அவள் ஒரு பக்கம் பிடித்தாள், நான் ஒரு பக்கம் பிடித்தேன். ஊற்றினோம்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஓரத்தில் துளித்துளியாகப் பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் வெள்ளையெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்க, இளம்பச்சைத் தண்ணீர் தெளிந்து நின்றது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் காட்டியதில் இதை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. எவ்வளவு அழகாகப் பிரிகிறது! "பாரேன், பாரேன்" என்றேன். அவளும் குனிந்து பார்த்தாள். குமட்டவில்லை.

வேட்டித் துணியில் வடிகட்டி, உப்புப் போட்டு, அம்மிக்குழவியை மேலே பாரம் வைத்தேன். வடிந்த தண்ணீரைக் கொட்ட மனம் வராமல் அதையே விட்டு, ஈஸ்டும் போட்டு மைதா மாவைப் பிசைந்தேன். தோசை மாவு மாதிரி பொறுமையாகப் பொங்கும் என்று பார்த்தால், மத்தியானத்துக்குள் பாத்திரத்தின் மூடியையே தூக்கிவிட்டது. பீட்ரூட் இலைக்கு வீட்டுக்காரர் உழவர் சந்தைக்குப் போனார். "இலையா அண்ணாச்சி? அத மாட்டுக்குல்லா போடுவோம்" என்று ஒரு பை நிறையச் சும்மாவே கொடுத்தார்களாம். நன்றாக இருந்தவற்றை மட்டும் பொறுக்கி, சிறுகீரையும் கொஞ்சம் சேர்த்து அரிந்து, வதக்கி, பிழிந்து, பாலாடைக்கட்டியோடு பிசைந்தேன். "கொஞ்சம் தேங்காய் துருவிப் போடேன்" என்றவரை மறுபடி பேப்பருக்கு அனுப்பினேன்.

பூரணத்தை நடுவில் வைத்து மாவை இழுத்து மூட வேண்டும், பிறகு தட்ட வேண்டும். அட, போளிதானே என்று என் கை தானாக வேலை செய்தது. ஆனால் போளி மாவு தட்டினால் படிந்து கிடக்கும். இது தட்டத் தட்டத் திரும்பிச் சுருங்கியது. முதல் ரொட்டியைப் போளி மெல்லிசுக்குக் கொண்டுவந்தே தீருவேன் என்று பிடிவாதமாகத் தட்டினேன். ஓவனுக்குள் அது வாயைப் பிளந்து பூரணத்தையெல்லாம் கக்கிவிட்டது. "தடியா இருக்கணும் அத்தை, இட்லி கனம்" என்று படியில் உட்கார்ந்தபடியே அவள் சொன்னாள். இரண்டாவது உப்பி, மேலே பொன்னிறமாகச் சிவந்து வந்தது. வெண்ணெய் தடவினேன். தெரு முழுக்க வாசம்.

அவள் ஒரு துண்டு பிய்த்தாள். நானும் வீட்டுக்காரரும் பரீட்சை ஹாலில் நிற்பதுபோல் நின்றோம். மென்றாள். "அதே மாதிரி இல்ல" என்றாள். நான் தட்டை எடுக்கக் கை நீட்டினேன். "ஆனா நல்லாருக்கு" என்று இன்னொரு துண்டை எடுத்தாள். பாதி ரொட்டியைத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தாள். குளியலறைக் கதவுச் சத்தம் வருமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எட்டிப் பார்த்தால் தூங்கிக்கொண்டிருந்தாள். மகன் வேலை முடிந்து வந்து வழக்கம்போல் கேட்டான். "தங்குச்சுலே" என்றேன். அவன் தலையில் இருந்த ஹெல்மெட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த மாதம் முழுக்க அந்த ரொட்டிதான் அவளைத் தாங்கியது. மசக்கை தெளிந்த பிறகும் வாரம் ஒரு தடவை அதைக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் பாலைத் துவைக்கிற கல்லில் வைத்தே திரித்தேன். வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பயம் விலகியதா என்றால், இல்லை. ஏழாம் மாதம், எட்டாம் மாதம் என்று எண்ணிக்கொண்டேதான் திரித்தேன்.

ஐப்பசியில், நல்ல மழை நாளில், பேத்தி பிறந்தாள். துணியில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில்தான் முதலில் கொடுத்தார்கள். மூக்கு யார் சாயல், நிறம் யார் சாயல் என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். நான் ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், துணியைப் பைய விலக்கி, ஒரு காதைப் பார்த்தேன். குழந்தையைத் திருப்பி மற்றக் காதையும் பார்த்தேன்.

கட்டிலில் இருந்து களைத்த குரலில் மருமகள் கேட்டாள்: "ரெண்டு காதும் காஞ்சிருக்கா அத்தை?"