விராட்டில் கற்ற பயம்

ஐயம்பேட்டையில் லோகேஸ்வரனை எல்லாரும் 'நேவி' என்றுதான் கூப்பிடுவார்கள். போர்க்கப்பலில் பதினைந்து வருஷம் இருந்த மனுஷன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பார் என்று பார்த்தால் அதுதான் இல்லை. குக்கர் விசில் அடிக்கக் கொஞ்சம் தாமதமானாலும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். தெருவே சிரிக்கும். மனைவி கலையரசியும் சேர்ந்துகொண்டு சிரிப்பாள். சிரிக்கட்டும், சிரிப்பவர்கள் யாரும் பாய்லர் முன்னால் நின்றவர்கள் இல்லையே.

அவர் இருந்தது விராட்டில். பிரிட்டிஷ்காரன் இரண்டாம் உலகப்போர் நடக்கும்போதே கட்ட ஆரம்பித்து, போர் முடிந்ததும் வேலையை இழுத்தடித்து, ஒருவழியாக 1959-இல் ஹெர்மீஸ் என்ற பெயரில் கடலில் ஓட்டிய விமானந்தாங்கி அது. ஃபாக்லாந்து சண்டைக்கெல்லாம் போய்வந்து, 1987-இல் நம் கடற்படைக்கு வந்து விராட் ஆனது. குட்டை ஓட்டத்திலேயே ஹாரியர் விமானம் எம்பிப் பறக்கட்டும் என்று ஓடுதளத்தின் முன்பக்கத்தை மேல்நோக்கி வளைத்திருந்தார்கள். ஊரில் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். பாவம், விமானம் பறந்து அவர் பார்த்ததே நாலைந்து தடவைதான். அவர் வேலை கப்பலின் அடிவயிற்றில், அங்கிருந்த நான்கு பாய்லர்களில் ஒன்றின் முன்னால்.

பாய்லருக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அதில் தண்ணீர்க் கோடு தெரிந்தால் நிம்மதி. முழுக்க நிறைந்தாலும் கோடு தெரியாது, அடியோடு வற்றினாலும் தெரியாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வற்றிக் காய்ந்த பாய்லருக்குள் பச்சைத் தண்ணீரை விட்டால் வெடித்துவிடும். அதனால் கப்பலில் முறை மாறும்போது, முந்தைய ஆள் என்ன சொன்னாலும் நம்பாமல், குழாயின் அடித்திருகைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பொறுப்பேற்க வேண்டும். தண்ணீர் கொட்டினால் நிறைந்திருக்கிறது, வெறும் ஆவி வந்தால் வற்றிவிட்டது. லோகேஸ்வரன் திறந்து பார்க்காத நாளே கிடையாது. பயத்தில் ஒருதரம் போதாதென்று இன்னொரு தரமும் திறப்பார்.

விராட்டை 2020-இல் குஜராத் கரைக்கு இழுத்துப்போய் உடைக்கக் கொடுத்தார்கள். பயம் மட்டும் இவரோடு வாலாஜாபாத் ரோட்டு ரைஸ் மில்லுக்கு வந்து சேர்ந்தது. நெல் அவிக்கும் பாய்லருக்கு இவரும் ராமராஜனும் முறை போட்டுக்கொண்டு ஆள். பாய்லர் சுவருக்கு அந்தப்பக்கம் களம். அங்கே நெல் காயப்போடும் பெண்களில் கலையரசியும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்.

"நான் சிவப்புத் துண்ட ஆட்டினா இன்னா ஏதுன்னு கேக்காத. எல்லாரையும் இட்டுக்கினு ரோட்டுக்குப் பூடு."

"சரிங்க கப்பல்காரரே" என்று அவள் கிண்டலடித்தாள்.

போன தை மாதம், காலை ஏழு மணி முறை. ராமராஜன் சட்டையை மாட்டிக்கொண்டே, "தண்ணி ஃபுல்லா இருக்குது நேவி, நான் கெளம்புறேன்" என்றார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கோடு இல்லை.

"இரு ராமராஜா."

"ஆரம்பிச்சிட்டான்யா பூசைய."

லோகேஸ்வரன் அடித்திருகைத் திறந்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. உஸ்ஸென்று வெறும் ஆவி வந்தது. மூடிவிட்டுக் காத்திருந்தார். கண்ணாடிக்குள் எதுவும் ஏறவில்லை.

ராமராஜனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. "பம்பு ஓடிக்கினுதானே இருந்துச்சு" என்றவர், நின்றிருந்த இன்னொரு பம்பின் ஸ்விட்சைப் பார்த்துக் கையை நீட்டினார். தண்ணீர் இல்லையென்றால் தண்ணீர் விடு என்றுதானே எவனுக்கும் தோன்றும்? லோகேஸ்வரன் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"வுட்டா செத்தோம். ஓடுற பம்பையும் அடுப்பு ஃபேனையும் நிறுத்து. ஈரச் சாம்பல வாரு."

துண்டை உருவி, சுவரின் சன்னல் வழியாக ஆட்டினார். கலையரசி நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அடுத்த கணம் கையிலிருந்த நெல் தள்ளும் பலகையைப் போட்டுவிட்டு, மற்ற பெண்களை விரட்டிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினாள்.

உள்ளே இருவரும் எரியும் உமிமேல் சாம்பலைக் கொட்டினார்கள். சூட்டில் இரும்பு டக் டக்கென்று முறுக்கியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் லோகேஸ்வரன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். பத்தடியில் வாசல் திறந்து கிடந்தது. ஓடிவிடலாம். ஓடினால், ராமராஜன் பதற்றத்தில் பம்பைப் போட்டுவிட்டால்? அந்த ஒரே நினைப்பில் நின்றார். நெருப்பு அவிய முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மத்தியானம் பாய்லர் ஆறியபிறகு மெக்கானிக் வந்து பார்த்தார். பம்பின் உறிஞ்சுகுழாயில் உமி அடைத்திருந்தது. பம்பு சும்மா ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

வெளியே புளியமரத்தடியில் கலையரசி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அவளே பிடித்துக்கொண்டு குடிக்கவைத்தாள்.

"கப்பல்ல இத்தினி வருஷம் இருந்தியே, அப்பவும் இப்டித்தான் நடுங்குவியா?"

"அங்க ஓட எடமே இல்ல கலை. சுத்தியும் கடலு. இங்க வாசலு தொறந்துகினு இருந்துச்சு. அதப் பாத்துக்கினேதான் நின்னேன்."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அழுகையை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பழுது பார்த்து பாய்லர் மறுபடி ஓட நாலு நாள் ஆயிற்று. அன்று காலை முறை மாறும்போது ராமராஜன் சட்டையை எடுக்கப் போகவில்லை. தானே அடித்திருகைத் திறந்து, தண்ணீர் கொட்டுவதையும், மூடியதும் கோடு ஏறுவதையும் காட்டினார்.

லோகேஸ்வரன் பார்த்தார். தலையாட்டினார். ராமராஜன் வாசலைத் தாண்டியதும், தானும் ஒருதரம் திறந்து பார்த்தார்.